ஐம்பத்தாறு ராத்தல் மார்பு

ஒரு நகரத்தின் சோறு அதன் அதிகாரிகளுடைய மார்புச் சுற்றளவில் அடங்கியிருக்கிறது என்ற மகத்தான உண்மையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை, மாதுங்கா தேகபுஷ்டி சங்கத்தையே சேரும். ஐரோப்பாவில் யுத்தம் நடத்திக்கொண்டிருக்கும் பெரிய தலைகள் யாருக்கும் இது தோன்றவில்லை. அவர்களுக்குப் பீரங்கியைப் பற்றித்தான் கவலை.

அந்தச் சங்கத்தில் நான் 'உபகரண அதிகாரி'யாக இருந்தேன். அதாவது, மாலையானால் எடைக்கற்களைக் கோணியில் கட்டி, தாராவியிலிருந்து மாதுங்காவுக்குத் தலையில் சுமந்துபோய், பயிற்சி முடிந்ததும் திரும்பச் சுமந்துவருவேன். பதவியின் பெயர் சங்கம் கொடுத்தது. பகலில் நயினார் அண்ணாச்சியின் ரேஷன் கடையில் இதே தலைக்கு 'மூட்டை தூக்குற பய' என்று பெயர். என் அப்பன் திருநெல்வேலிப் பக்கத்தில் செங்கல் சுமந்தான். நான் பம்பாயில் இரும்பு சுமக்கிறேன். குடும்பம் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது.

சங்கம் ஏன் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வாங்கும் ரேஷன் அரிசி அடுத்த வெள்ளி வரை வரும் என்பது சர்க்கார் கணக்கு. வியாழக்கிழமை மத்தியானமே எங்கள் பானை கவிழ்ந்துவிடும்.

"ராத்திரி எந்திரிச்சுத் தின்னுதீரோ?" என்றாள் என் பெண்சாதி சொர்ணம்.

"எந்திரிச்சா தண்ணிதான் குடிக்கேன்."

"அப்ப அரிசி எங்க போவுது? காலு மொளச்சு நடந்து போவுதா?"

பக்கத்து வீட்டிலும் இதே சண்டை. எதிர் வீட்டில் மாமியாரைச் சந்தேகப்பட்டார்கள். எங்கள் வீட்டு வரிசை முழுவதும் வியாழக்கிழமை தோறும் குடும்பங்கள் உடைந்து சனிக்கிழமை ஒட்டிக்கொண்டன. கடைசியில் பெண்கள் கூட்டமாகப் போய் நயினார் அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டார்கள். அவர் எடைக்கல்லைத் திருப்பிக் காட்டினார்.

"இங்கன பாரு. என்ன தெரியுது? கிரீடம். சர்க்கார் முத்திரை. கல்லு பொய்யின்னா, ராசா பொய் சொல்லுதாருன்னு அர்த்தம். சொல்லுதியளா? போலீசக் கூப்பிடட்டா?"

யுத்த காலத்தில் ராஜாவைப் பொய்யர் என்றால் உள்ளே தள்ளிவிடுவார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள். ராஜாவைத் தட்டிக் கேட்க ராஜாவின் ஆள்தான் வேண்டும். ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்து கல்லைச் சோதிக்கலாம். ஆனால் பழைய இன்ஸ்பெக்டர் ரிட்டயராகிவிட்டார், நாற்காலி காலி. அந்த நாற்காலியில் உட்கார முப்பத்திரண்டு அங்குல மார்பு வேண்டும் என்று விதி. உட்காருவதற்கு மார்பு எதற்கு என்று கேட்பது அறியாமை. போலீஸ் விதிப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தபோது, திருடனைத் துரத்தும் மார்பும் அரிசியை நிறுக்கும் மார்பும் ஒன்றாகிவிட்டன.

வேலைக்கு மனுப் போட்டவர்களில் கை சுத்தமானவர் ஒரே ஒருவர்தான். ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா பஞ்சாபகேசன் பி.ஏ., சுருக்கமாகப் பஞ்சு. பிறத்தியார் காசில் டீகூடக் குடிக்கமாட்டார். நேர்மை இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மார்பு மட்டும் இல்லை. இருபத்தொன்பது அங்குலம்; அதிலும் பூணூலின் பங்கு எவ்வளவு என்று தெரியாது. பஞ்சு என்ற பெயருக்கு அவர் நியாயம் செய்யவில்லை. தலையணையில்கூடப் பஞ்சு கொஞ்சம் திணித்துத்தானே இருக்கும்?

ஆக, எங்கள் சோறு பஞ்சு சாரின் மார்பில் இருந்தது.

"அந்த அய்யரு மாரு எப்பத் தேறும்?" என்று சொர்ணம் தினமும் விசாரித்தாள், வயலில் பயிர் எப்படி என்று கேட்கிறமாதிரி. ஓர் அந்நிய ஆண்பிள்ளையின் மார்பைப் பற்றித் தாராவிப் பெண்கள் இத்தனை வெளிப்படையாகக் கவலைப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பஞ்சு சார் குடியிருந்த மாதுங்காவில், அவர் மார்பை வளர்ப்பதற்கென்றே சங்கம் கூடியது. "மார்பு அவசியம்" என்று தீர்மானம் வந்தது. "முதுகும்" என்று ஓர் அங்கத்தினர் திருத்தம் கொண்டுவந்தார். ஆமோதிக்க ஆளில்லாமல் அது விழுந்தது. பிறகு உபகரணம் பற்றிப் பேச்சு வந்தது. பம்பாயில் இருந்த இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போயிருந்தது. டம்பெல்ஸ் என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் நயினார் அண்ணாச்சி வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார்.

"சாமி, ஆறு மணிக்குக் கடை சாத்துனா நம்ம கல்லு சும்மாத்தான கெடக்கு? பதினாலு ராத்தல், இருபத்தெட்டு, அம்பத்தாறு, எல்லாம் இருக்கு. அள்ளிக்கிட்டுப் போயித் தூக்குங்க. நம்ம பய கொண்டாந்து போடுவான்."

"வாடகை?" என்றார் காரியதரிசி.

"சே சே! தேச சேவைக்கு வாடகையா?"

அந்தக் கணமே அவர் ஏகமனதாகத் தலைவரானார்.

பயிற்சி ஒரு மொட்டை மாடியில் நடந்தது. பஞ்சு சார் பலகையில் மல்லாந்து படுப்பார். நான் கல்லை அவர் மார்புக்கு நேரே பிடித்து, அவர் கையில் கொடுப்பேன். அவர் அதை மேலே தள்ளி, இறக்கி, மறுபடி தள்ள வேண்டும். காரியதரிசி கையில் ஒரு சின்ன இங்கிலீஷ் பிரசுரம் இருந்தது. அதை அவர் மந்திரம் போல் வாசித்தார்: "ஆரம்பக்காரர்கள் பலனுக்கு அவசரப்படக் கூடாது. முதலில் உடம்பு வலிக்கும். பிறகு சந்தேகம் வரும். பல மாதங்களுக்குப் பின்புதான் பலன் தெரியும்."

பஞ்சு சாருக்கு வலி வரவில்லை. சந்தேகம் வரவில்லை. பலன் மட்டும் உடனே வந்தது.

முதல் நாள் பதினாலு ராத்தலைத் தூக்கினார். தூக்கிவிட்டுத் தன் கையையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மறுவாரம் இருபத்தெட்டு. சங்கம் எழுந்து நின்றது. அந்த மாதம் முடிவதற்குள் ஐம்பத்தாறு ராத்தல் கல்லை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டே, "என் ஆம்படையாள் ஷ்யாமளா நம்ப மாட்டாள் ஓய்! ஆத்துல தண்ணிக் குடத்தைத் தூக்கினா, வழியில ரெண்டு தரம் இறக்கி வெக்கறவன் நான்!" என்றார்.

ஒரு நாள் வியர்வையில் கை வழுக்கி ஐம்பத்தாறு ராத்தல் நேரே மார்பில் விழுந்தது. காரியதரிசி கண்ணை மூடி அனுதாபத் தீர்மானத்தின் முதல் வரியையே முணுமுணுத்துவிட்டார். பஞ்சு சார் எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் எரியறது. அவ்வளவுதான்" என்றார்.

"இரும்பு மார்பு!" என்று மாடி அதிர்ந்தது.

எனக்கு ஒன்று உறுத்தியது. இரும்பு விழுந்தால் 'ணங்' என்று கேட்க வேண்டும். இது காலிக் குடம் விழுந்த மாதிரி 'டொங்' என்றது. இதைச் சபையில் சொன்னேன். சத்தம் கல்லிலிருந்து வந்ததா, மார்பிலிருந்து வந்ததா என்று விவாதம் நடந்தது. மார்பிலிருந்துதான் என்று முடிவாயிற்று. மேலான மார்புகள் அப்படித்தான் ஒலிக்குமாம்.

கீழே இறங்கும்போது பஞ்சு சாரைத் தனியாகப் பிடித்தேன்.

"சார், கோவிச்சுக்காதிய. கல்லு உள்ளுக்குள்ள பொக்கு. இந்த மூணு கல்லையும் ஒண்ணாச் சொமந்துகிட்டு நான் பாட்டுப் பாடிக்கிட்டுல்லா வாறேன். அடியில தொளச்சு எடுத்துட்டு, மேல ஈயத்த ஒப்புக்குப் பூசியிருக்கு. நீங்க இன்ஸ்பெக்டர் ஆனதும் மொதல்ல இதத்தான் பாக்கணும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செல்லப்பாண்டி, இதுக்குப் பேர் பொறாமை. பொறந்ததுலேர்ந்து நீ மூட்டை தூக்கறே. ஒரே மாசத்துல நான் உன் பலத்துக்குச் சமமா வந்துட்டேன். உனக்கு ஜீரணமாகலை."

"ஜீரணமாக உள்ள எதாவது போனாத்தான சார்?"

அவர் காதில் அது விழவில்லை. தன் தோளைத் தானே தடவிக்கொண்டிருந்தார்.

தேர்வு நாள் வந்தது. முந்தின சாயங்காலம் தாராவித் தையல்காரர் நாகூர் கனி டேப்போடு வந்து அளந்தார். "மூச்ச விட்டா இருபத்தொம்பதர. மூச்சப் பிடிச்சா முப்பது. பிடிச்சுக்கிட்டுக் கோவமா நின்னா முப்பத்தொண்ணு. நாளைக்குக் கோவமாப் போங்க சார்."

பஞ்சு சார் கோபமாகப் போனார். அப்படியும் ஓர் அங்குலம் குறைந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். வாசலில் நின்றிருந்த சொர்ணமும் மற்றப் பெண்களும் சுவாமியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வழியாகத் 'தற்செயலாக' வந்த நயினார் அண்ணாச்சி, 'தற்செயலாக' தன் பின்னால் வந்துகொண்டிருந்த என் தலையில் இருந்த ஐம்பத்தாறு ராத்தல் கல்லைக் காட்டி, "ஹுசூர், இன்ஸ்பெக்டருக்கு மார்பு எதுக்கு? கடையில கல்லத் தூக்கிப் பாக்கத்தான? தூக்கச் சொல்லிப் பாருங்க" என்றார்.

அதிகாரி கிரீட முத்திரையைப் பார்த்தார். பஞ்சு சார் கல்லை ஒரே மூச்சில் தலைக்குமேல் தூக்கி நிறுத்தினார். கோபத்தை மறந்து சிரிக்கவும் செய்தார். ஓர் அங்குலம் மன்னிக்கப்பட்டது. சொர்ணம் அங்கேயே தெருவில் சூடம் கொளுத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை, புது இன்ஸ்பெக்டரின் முதல் சோதனை எங்கள் கடையில். பெண்கள் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள், பார்க்கிறவர்கள் தேர்த் திருவிழா என்று நினைத்திருப்பார்கள். காக்கிக் கோட்டுக்குள் பஞ்சு சார் வந்தார். கடைசிப் பித்தானையும் போட்டு மார்பை முன்னால் அனுப்பிவிட்டு, தான் பின்னால் வந்தார். சொர்ணம் எதிரே போய் நின்றாள்.

"சார், அந்தப் பெரிய கல்லு பொக்குன்னு ஊரே சொல்லுது. வேற நல்ல கல்லு கொண்டாந்து தராசுல வச்சுப் பாத்துருங்க. அது போதும்."

"தராசு எதுக்கம்மா? என் கையே தராசு." கல்லைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். "சரியா ஐம்பத்தாறு. தினமும் தூக்கறவன் சொல்றேன். இது பொக்குன்னா என் மார்பும் பொக்கா?"

"அதத்தான் நாங்களும் கேக்கோம்" என்றாள் சொர்ணம்.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பஞ்சு சார் முகம் சிவந்தது. 'எடை மிகவும் திருப்திகரம்' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். நயினார் அண்ணாச்சி டீ வரவழைத்தார். பஞ்சு சார் தொடவில்லை. பிறத்தியார் காசில் அவர் டீ குடிப்பதில்லை என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் சாதாரண இன்ஸ்பெக்டர். மறுவாரம் வடாலாவுக்குப் போனார். மாதிரி காட்டுவதற்காக எங்கள் ஐம்பத்தாறு ராத்தல் கல்லோடு நானும் பின்னால் போனேன். அங்கே ரஹ்மத்துல்லா பாய் என்பவரின் ரேஷன் கடை. அந்தக் கடையில் வாங்குகிறவர்களுக்கு அரிசி வெள்ளிக்கிழமை ராத்திரி வரை வந்துகொண்டிருந்ததாகப் பேச்சு. பஞ்சு சார் குனிந்து அவருடைய ஐம்பத்தாறு ராத்தல் கல்லைப் பிடித்தார். கல் நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். கோட்டின் பித்தான் ஒன்று தெறித்து அரிசிக்குள் விழுந்தது. கல் இருந்த இடத்தில் இருந்தது.

"ஓகோ!" என்று நிமிர்ந்தார். "ஐம்பத்தாறு ராத்தலை நான் அனாயாசமாத் தூக்குவேன். இதைத் தூக்க முடியலை. ஆகையால் இது ஐம்பத்தாறு ராத்தல் இல்லை. கள்ளக் கல்!"

பி.ஏ. படித்தவர்களின் தர்க்கமே தனி.

"அரே சாஹப்! தராசுல வச்சுப் பாருங்க!" என்று கதறினார் பாய்.

வைத்தோம். ஒரு தட்டில் பாயின் கல், மறு தட்டில் நயினாருடையது. பாயின் தட்டு தரையில் இடித்தது. எங்கள் கல் பட்டம் மாதிரி மேலே போய் நின்றது.

"பாத்தியா! உன் கல்லு கனம் ஜாஸ்தி!"

"சாஹப், கல்லு கனமா இருந்தா ஜனங்களுக்கு அரிசி கூடல்ல போவும்? நஷ்டம் எனக்குத்தான? எவனாச்சும் தனக்கே நஷ்டம் வர்ற மாதிரி கள்ளக் கல்லு வைப்பானா?"

"அதான் குத்தம்! யுத்த காலத்துல சர்க்கார் அரிசியை ஜனங்களுக்கு அதிகமாக் கொடுத்து விரயம் பண்றே!"

பாயின் கற்கள் பறிமுதலாயின. அவற்றுக்குப் பதிலாக நயினார் அண்ணாச்சி 'தரமான' கற்கள் கொடுத்து உதவினார். அதன்பின் மாகிம், சயான் என்று ஒவ்வொரு கடையாக, தூக்க முடியாத கல்லெல்லாம் கள்ளக் கல் என்று பிடிபட்டது. மற்ற ஊர்களில் இன்ஸ்பெக்டருக்கு மாதாமாதம் கவர் கொடுத்து நொடித்துப்போகும் கடைக்காரர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நயினார் அண்ணாச்சி ஒரு காசு கொடுக்கவில்லை. மார்பு கொடுத்தார்.

போன வாரம் கிழிந்த சட்டையைச் சரிபண்ண நாகூர் கனியிடம் போனேன். பழக்கதோஷத்தில் டேப்பைப் போட்டுப் பார்த்தார்.

"என்ன வே, ரெண்டு இஞ்சு கொறஞ்சிட்டீரு?"

"எனக்கு மட்டுமா?"

"இந்தப் பக்கம் எல்லாருக்குந்தான். ஒரே டேப்புதான் போடுதேன், எல்லாரும் உள்ள போயிக்கிட்டே இருக்கிய. கூடுனது ரெண்டே ரெண்டு பேருக்குத்தான். இன்ஸ்பெக்டருக்கு மாருல அர இஞ்சு. நயினாருக்கு வயித்துல ஆறு."

ஆகவே, மார்புப் பயிற்சியில் புதிதாக இறங்கி, பலன் தெரியுமோ தெரியாதோ என்று மனம் தளரும் வாலிபர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். நேரே தாராவிக்கு வாருங்கள். வியாழக்கிழமை மத்தியானமாகப் பார்த்து வந்தால் நல்லது. பஞ்சு சார் செய்த பயிற்சியின் பலன் எங்கள் வரிசையில் ஒவ்வொரு மார்பிலும், பிள்ளைகள் மார்பில்கூட, எலும்பு எலும்பாகத் தெரிகிறது.