ஆம் வரும் குழாய்

குழலாபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசர் தன் இஷ்டத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. எதற்கும் மக்களின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். அதற்காகச் சந்தைத் திடலிலிருந்து அரண்மனைச் சபை மண்டபம்வரை நீளமாக ஒரு பித்தளைக் குழாயைப் புதைத்திருந்தார்கள். திடலில் பேசினால் சபையில் கேட்கும். சபையில் பேசுவது திடலுக்குக் கேட்காது.

மக்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் குழாயில் கத்தியதால் சபையை நடத்த முடியவில்லை. குழாய்த்துறை அமைச்சர் அகண்டமூர்த்தி ஒரு வழி கண்டார். கல்குவாரித் தூசியில் நெஞ்சு கெட்டு, சம்மட்டி தூக்க முடியாமல் கிடந்த மாயாண்டியைக் குழாய்வாயில் உட்காரவைத்தார். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை "ஆம், ஆம்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி, கஞ்சி.

அதன்பின் சபை வழுக்கிக்கொண்டு ஓடியது. வியர்வைக்கு வரி போடலாமா? ஆம். வரி கட்டாதவன் நிழலில் நிற்கத் தடை விதிக்கலாமா? ஆம். வெயிலில் நின்று மயங்கி விழுந்தால், பாதையை மறித்த குற்றத்துக்கு உள்ளே தள்ளலாமா? ஆம்.

"என்ன ஒற்றுமை" என்று அரசர் கண் கலங்கினார்.

ஒருநாள், கல்லுடைப்பவர்களின் குடிசைகளை இடித்துவிட்டு அரண்மனை யானைக்குக் குளம் வெட்டலாமா என்று கேட்டார்கள். அதற்கும் ஆம். தண்டோராச் சத்தம் கேட்டதும் மாயாண்டியின் மனைவி காத்தாயி சம்மட்டியைப் போட்டுவிட்டுத் திடலுக்கு வந்தாள்.

"யோவ், நம்ம குடிசைய இடிக்க நீதான் ஆமுன்னியாமே."

"ஆம்... என்ன கேட்டாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? ஆம்... இந்தப் பக்கம் ஒரு எழவும் கேக்காதுடி. ஆம்..."

"கேக்காமயே எதுக்குய்யா பதில் சொல்லுற?"

"கேட்டா கஞ்சி இறங்காதே. ஆம்..."

அவள் நேரே சபைக்குப் போனாள். "எங்க வீட்ட இடிக்கக் கூடாது" என்றாள்.

"இவள் மனுவைத் தள்ளிவிடலாமா?" என்று அமைச்சர் குழாயைக் கேட்டார். புருஷன் குரலில் அது "ஆம்" என்றது.

"ஐயா, நான் இங்கதான நிக்கிறேன். என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

"அம்மா, நீ ஒரு ஆள். குழாயில் வருவதுதான் மக்கள்."

மனு தள்ளப்பட்டவர் சபையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம் என்பது வழக்கம். எல்லாரும் "வரட்டுங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காத்தாயி குழாயைப் பார்த்தாள்.

"குடிசைக்குப் பதிலா இந்த அரண்மனைய இடிச்சுரலாமா?"

"ஆம்."

குடிசை இடிக்கக் கடப்பாரையோடு வெளியே நின்ற ஆட்களும் கல்லுடைப்பவர்கள்தான். மதில் பக்கம் திரும்பினார்கள். அதுவரை எந்த உத்தரவுக்கும் அவர்கள் அவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்ததில்லை.

அமைச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. "முதலில் அந்தக் குழாய்க்காரனைக் கிளப்பி வீட்டுக்கு அனுப்பலாமா?"

"ஆம்."

காவலர்கள் ஓடி அனுப்பிவைத்தார்கள். அமைச்சர் நிம்மதியாக மூச்சு விட்டார். "இனி எவனும் அந்தக் குழாய் பக்கம் வரக் கூடாது. சரிதானே?"

"ஆம்" என்றது, நீளக் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த கடைசிச் சொல்.

"நல்லது. இப்போது இந்த இடிப்பை நிறுத்தலாமா?"

குழாய் ஒன்றும் சொல்லவில்லை.

பதில் வராமல் அடுத்த கேள்வி கேட்கக் கூடாது. பதில் வராமல் எழுந்திருக்கவும் கூடாது. அதுவும் சட்டம், முன்பொருநாள் ஆம் வாங்கியது. காரை உதிர்ந்து கிரீடத்தில் விழ, அரசரும் அமைச்சரும் குழாயில் காதை வைத்துக் குந்தியிருந்தார்கள்.

குடிசையில் மாயாண்டி வட்டிலைச் சாய்த்துக் கஞ்சியைக் குடித்தான். தூரத்தில் சுவர் சரியும் சத்தம் வந்தது.

"அங்க என்னமோ கேக்குறாங்க போலயே" என்றான்.

"ஒனக்குத்தான் கேக்காதே" என்றாள் காத்தாயி. "குடி."