பதினோரு மூட்டையும் ஒரு வெள்ளைப் பந்தும்

அன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். குத்தாலம் கடைவீதிக்குப் போய் பில்லியர்ட்ஸ் கற்றுக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சென்னையில் ஒரு கம்பெனி என்னை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவிலும் நான்தான் முதல் ஆள். அம்மா நடவுக்குப் போன வயலில் எல்லாம் செய்தியைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாற்று வேர் பிடித்ததோ இல்லையோ, செய்தி வேர் பிடித்துவிட்டது.

போவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கம்பெனிக்கு அனுப்பிய பயோடேட்டாவின் நகலை எடுத்து முதல்முறையாக நிதானமாகப் படித்தேன்.

பொழுதுபோக்கு: பில்லியர்ட்ஸ்.

மறுபடியும் படித்தேன். பில்லியர்ட்ஸேதான்.

டைப் அடித்துக் கொடுத்தவர், எனக்கு முன்னால் வந்த யாரோ ஒரு பணக்காரப் பையனின் பயோடேட்டாவைக் கம்ப்யூட்டரில் எடுத்து, அதில் பெயரை மாற்றியிருக்கிறார். அப்பா பெயரை மாற்றியிருக்கிறார். படிப்பையும் மாற்றியிருக்கிறார். பொழுதுபோக்கை மட்டும் மறந்துவிட்டார்.

நானும் சரிபார்க்காமல் அனுப்பவில்லை. மூன்று முறை பார்த்தேன், எழுத்துப் பிழைக்காக. பில்லியர்ட்ஸில் எழுத்துப் பிழையே இல்லை!

நல்லவேளை, குதிரையேற்றம் என்று போடாமல் விட்டார்.

பொழுதுபோக்கையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதற்கும் கீழே 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே என் கையெழுத்து. இரண்டு கோடு இழுத்து, புள்ளி எல்லாம் வைத்து.

பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும். ஆக, அந்த வரியை உண்மையாக்குவது ஒன்றுதான் வழி. ஒரே ஒரு பந்தையாவது குழியில் தள்ளிவிட்டால், 'ஆடுவேன் சார்' என்று கூசாமல் சொல்லலாம்.

துபாயிலிருந்து திரும்பி வந்த நஜீர் பாய், கடைவீதியில் தன் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு மேசை போட்டிருந்தார். ஊரில் உள்ள ஒரே மேசை. அவரே முதலாளி, அவரே வாத்தியார்.

விஷயத்தைச் சொன்னேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், "ஆனா தம்பி, இது பில்லியர்ட்ஸ் இல்ல. இது பூல்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பில்லியர்ட்ஸ்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே பாய்!"

"பதறாத. ரெண்டும் ஒரே குடும்பம். பெரியப்பா, சித்தப்பா மாதிரி."

சித்தப்பாவை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

பாய் ஒரு கம்பைக் கொடுத்தார். அதை 'கியூ' என்று சொல்ல வேண்டுமாம். நுனியில் சின்னதாக ஒரு தோல் ஒட்டியிருக்கும். "உசுரே அந்தத் தோல்லதான் தம்பி இருக்கு. ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி இந்த நீல சாக்பீஸ அதுல தேய்க்கணும். இல்லன்னா வழுக்கிடும். மறக்காத."

"மறக்க மாட்டேன் பாய்."

கம்பை வாங்கினேன். உள்ளங்கையில் எச்சில் துப்பி, இரண்டு கையையும் தேய்த்தேன்.

"அடச்சீ! என்னடா பண்ற?"

மண்வெட்டியைப் பிடிக்கும்போது செய்கிற பழக்கம். லீவு நாளில் எல்லாம் வரப்பு வெட்டிய கை அது. கை கழுவ அனுப்பினார். திரும்பி வந்ததும் உள்ளங்கையில் முகப்பவுடர் கொட்டினார்.

"இப்பக் குனி."

குனிந்தேன்.

பாய் என்னைச் சுற்றி ஒரு முறை வந்தார். "தம்பி, இது நடவு இல்ல. கால ரெண்டையும் சேத்து வெச்சு, முட்டிய வெறப்பா நிறுத்திக் குனிஞ்சா நாத்துதான் நடலாம். ஒரு கால முன்னால வை. தாடை கம்புகிட்ட வரட்டும். இடது கைய மேசையில ஊணு. கட்டை விரலத் தூக்கி ஒரு பள்ளம் பண்ணு. அதுலதான் கம்பு ஓடணும். வலது கையில முழங்கைக்குக் கீழதான் ஆடணும், ஊஞ்சல் மாதிரி. தோள் ஆடக் கூடாது. கம்பால வெள்ளைப் பந்த மட்டுந்தான் அடிக்கணும், அது போயி மத்த பந்தக் குழியில தள்ளும்."

எல்லாம் புரிந்தது. உடம்புக்குத்தான் புரியவில்லை.

முதல் அடி, பந்தில் படவே இல்லை. இரண்டாவது அடி பட்டது, பந்து வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு அங்குலம் நகர்ந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நான் தானாகவே ஓர் அடி பின்னால் போனேன்.

"எங்கடா போற?"

நாற்று நட்டால் பின்னால்தானே போக வேண்டும்!

ஐந்தாவது அடிக்கு, குழி ஓரத்தில் இருந்த மஞ்சள் பந்தைக் காட்டி, "நேரா இருக்கு பாரு. கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் விழும்" என்றார்.

என் வேலையே அந்தப் பந்தில்தான் இருப்பதுபோல் தோன்றியது. சாக்பீஸை நன்றாகத் தேய்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். குனிந்தேன். தோள் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்தது. கம்பு வெள்ளைப் பந்துக்கு அடியில் நுழைந்து, சேற்றை வாரி வரப்பில் போடுவதுபோல் அதை அப்படியே தூக்கி எறிந்தது.

பந்து மஞ்சளைத் தாண்டியது. மேசையைத் தாண்டியது. திறந்திருந்த ஜன்னலையும் தாண்டியது.

இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

கீழே பக்கத்துச் சாலையில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் மழை கட்டியிருந்ததால் நெல்லைக் குவித்து அவசரமாக மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து கண்ணில் படவில்லை.

"என்கிட்ட இருக்கிறது அந்த ஒரு வெள்ளைதான்" என்றார் பாய் மெதுவாக. "அது இல்லன்னா இது வெறும் சாப்பாட்டு மேசை."

கீழே ஓடினேன். பதற்றத்தில் கையிலிருந்த கம்பை வைக்க மறந்துவிட்டேன். நெல்லுக்குச் சொந்தக்காரர், எங்கள் தெரு மலர்க்கொடி அக்கா.

"யாருடா அது, கம்ப எடுத்துக்கிட்டு சண்டைக்கு வர்றது? அட, நீயா! சென்னைக்குப் போகலியா?"

"நாளைக்கு ராத்திரிதான்கா ரயில். அக்கா, நெல்லுல ஒரு பந்து விழுந்துச்சா?"

"பந்தா? உனக்கு இண்டர்வியூன்னு ஊரே சாமி கும்புடுது, நீ பந்து வெளையாடுறியா?"

"இண்டர்வியூவுக்காகத்தான்கா வெளையாடுறேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், படிப்பு தலைக்கு ஏறிவிட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது.

கடைசிக் குவியலும் அதற்குள் சாக்குக்குள் போய்விட்டிருந்தது. பதினோரு மூட்டை. எல்லாவற்றுக்கும் வாய் திறந்திருந்தது, தைப்பதற்கு ஆள் ஊசியோடு நின்றார். டிராக்டரும் தயார். ஈரப்பதம் என்று சொல்லிக் கொள்முதல் நிலையத்தில் ஒருமுறை திருப்பி அனுப்பிய நெல் அது.

"கொட்டித் தேடுறேன்னு மட்டும் சொல்லிடாத" என்றார் அக்கா. "மழை வந்துச்சுன்னா என் பொழப்பு போச்சு. அவரு தைச்சு முடிக்கிற வரைக்கும் டயம். கொட்டாம தேடிக்க."

கொட்டாமல் எப்படித் தேடுவது? கையில் கம்பு இருந்தது.

முதல் மூட்டையை லேசாகச் சாய்த்தேன். குனிந்தேன். கம்பை உள்ளே விட்டேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. முரட்டுத்தனமாகக் குத்தினால் கம்பு உடையும், பாய் அழுவார். அதனால் இடது கையைச் சாக்கின் வாயில் ஊன்றி, கட்டை விரலைத் தூக்கி, அந்தப் பள்ளத்தில் கம்பை ஓடவிட்டு, மெதுவாக, நேராக.

மேலே ஜன்னலிலிருந்து ஒரு கூச்சல். "தம்பி! அதேதான்! அதேதான்டா! தோள் ஆடல பாரு!"

மூன்றாவது மூட்டை. "முன்னங்காலு சூப்பர்! அப்படியே கம்பு முழுசா உள்ள போகட்டும், பாதியில நிறுத்தாத!"

கடைவீதியில் கூட்டம் கூடிவிட்டது. தைக்கிறவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

ஆறாவது மூட்டையில்தான் அக்கா அலறினார். "அடப்பாவி! நெல்லுக்கு என்னடா பண்ண? நீலமா இருக்கு!"

பார்த்தேன். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் நீல நெல்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை நான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சாக்பீஸ் தேய்க்கச் சொன்னார்கள். பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் ஒழுங்காகத் தேய்த்திருக்கிறேன்!

"மருந்து கலந்த வெதநெல்லுன்னு தள்ளிடுவாங்கடா! அள்ளு! ஒரு நெல்லு நீலமா இருக்கக் கூடாது!"

நீல நெல்லை எல்லாம் பொறுக்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி மூட்டைகளுக்குக் கம்பு நுனியை வேட்டியில் துடைத்துவிட்டுக் குத்தினேன்.

ஒன்பதாவது மூட்டை. குனிந்தேன். முழங்கை மட்டும் ஆடியது.

டொக்.

ஜன்னலில் பாய் கை தட்டினார். கூட்டமும் தட்டியது. கை விட்டுப் பந்தை எடுத்து, அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டேன். கடைசி மூட்டை டிராக்டரில் ஏறி, தார்ப்பாய் இழுத்து மூடியதும் மழை கொட்டியது. கூடவே கரண்ட்டும் போனது. மாடியில் மேசை இருந்த இடமே தெரியவில்லை.

மஞ்சள் பந்து கடைசிவரை குழிக்குள் போகவில்லை.

சென்னையில், எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பயோடேட்டாவைப் புரட்டினார். நிமிர்ந்தார். "பில்லியர்ட்ஸா! நானும் ஆடுவேன். எத்தனை வருஷமா ஆடுறீங்க?"

காது சிவந்தது.

"ஒரு சாயங்காலம் சார்."

"இதுவரைக்கும் எத்தனை பந்து போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு சார். குழியில இல்ல, நெல்லு மூட்டையில."

மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். கையெழுத்து, எழுத்துப் பிழை, பெரியப்பா, சித்தப்பா, நீல நெல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் படிப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது என்ன ரகம் நெல்லு?" என்றார்.

"ஆடுதுறை நாப்பத்திமூணு சார்."

வேலை கிடைத்தது.

இப்போது என் பயோடேட்டாவில் பொழுதுபோக்கு: வாசித்தல். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முதலில் அந்தப் பயோடேட்டாவை.