வருங்காலச் சம்பந்திக்கு நீர் பிரியாத விவரம்

திருவள்ளூர்,
30-8-1974

ஆரணியில் எழுந்தருளியிருக்கும் எம்பார் அத்திம்பேர் திருவடிகளில் மைத்துனன் வேங்கடேசன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இங்கே எல்லாருக்கும் உடம்பு தேவலை. மனசைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசு. ஜானகி அக்காவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா என்றும், ஆற்றில் தண்ணீர் வந்ததா என்றும் தெரிவிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்களே, என்ன ஆயிற்று, ஒரு வரிகூடக் காணோமே என்று கோபமாகக் கார்டு போட்டிருந்தீர்கள். நியாயமான கோபம்தான். நீங்கள் அலைந்து திரிந்து கொண்டுவந்த இடம். பையன் ஸம்பத்குமார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனியில் இன்ஜினீர்; தகப்பனார் வரதாச்சாரியார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்; திருநின்றவூரில் சொந்த மனை, சொந்த வீடு; ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம். இதெல்லாம் இருந்தும் காரியம் கெட்டுப்போனது. கெடுத்தது யார் என்பதில்தான் எனக்கும் கோதைக்கும் அபிப்பிராய பேதம்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். கோதைநாயகி டாக்டர் படிப்பில் கடைசி வருஷம். அங்கே என்ன வழக்கமென்றால், பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார்த்திவைத்துப் பாடம் சொல்வதில்லையாம். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, கொஞ்ச நாள் பிரசவ வார்டு, கொஞ்ச நாள் எலும்பு முறிவு, கொஞ்ச நாள் காது மூக்கு தொண்டை என்று வார்டு வார்டாக அனுப்புகிறார்கள். அதற்கு 'போஸ்டிங்' என்று பெயர். இதுவரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். ஆடி மாசத்தில் ஒருநாள் ஹாஸ்டலிலிருந்து வந்தவள், நான் சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, "அப்பா, அடுத்த ஆறு வாரம் எனக்கு யூராலஜி" என்றாள். ஐரோப்பாவைப் பற்றின படிப்பாக்கும், டாக்டர்களுக்குப் பூகோளமும் வேண்டியிருக்கிறதாக்கும் என்று நினைத்து, பேஷ் என்று சொல்லிவிட்டேன். அவள் விளக்க ஆரம்பித்தாள். சிறுநீரகம், நீர்ப்பை, அதிலிருந்து இறங்குகிற குழாய், அப்புறம் ஆண்களுக்கு மட்டுமே உண்டான புராஸ்டேட் என்கிற சுரப்பி, வயசானால் அது வீங்கி வழியை அடைத்துக்கொள்கிற விதம், அதைத் திறப்பதற்கான உபாயம். என் கை சாதத்திலேயே நின்றுவிட்டது. "அவர் சாப்பிட்டுக் கையலம்பினப்புறம் சொல்லேண்டி" என்றாள் உள்ளேயிருந்து அவள் அம்மா ஸத்யபாமா.

"வேற யாரோடயாவது மாத்திக்கப்படாதோ?" என்று கேட்டேன். "முறைப்படி எல்லாரும் எல்லா வார்டும் போயாகணும் அப்பா. பரீட்சையிலே இதுலேர்ந்தும் கேப்பா" என்றாள். அத்திம்பேர், நான் பெருமாள் கோயில் கோஷ்டியில் முன்வரிசையில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவன். பக்கத்தில் நிற்கிறவர், உன் பெண் இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டால் நான் எந்த வாயால் சொல்வது? அந்தச் சமயம் பார்த்து வரதாச்சாரியாரிடமிருந்து கார்டு வந்தது: "குழந்தை தற்சமயம் எந்தப் பிரிவில் பயிற்சி?" பேனாவை எடுத்தேன். 'கண் சிகிச்சைப் பிரிவு' என்று எழுதினேன். கையெழுத்துக்கூட நடுங்கவில்லை. ஸத்யபாமாவிடமும் சொல்லவில்லை, கோதையிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரை மணி வண்டியில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்: வரதாச்சாரியார், அவர் ஆத்துக்காரி செங்கமலவல்லி மாமி, பையன். பையன் லட்சணம், அதிகம் பேசவில்லை. கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்த்தினோம். கோதை அரக்குப் பட்டில் வந்து சேவித்தாள். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, இரண்டாம் காபியும் வந்தது. வரதாச்சாரியார், "கொஞ்ச நாளா எனக்கு எதிர்ல கொசு பறக்கறாப்பல தெரியறதேம்மா, கண்ணுல என்னவா இருக்கும்?" என்று கேட்டார். கோதை விழித்தாள். நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து புருவத்தை ஏற்றி இறக்கினேன். "வெளிச்சத்துல பரிசோதிச்சுத்தான் மாமா சொல்லணும்" என்று தப்பித்தாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

போனவர் வந்தார். வந்தவர் ஒரு வாய் பஜ்ஜி தின்றார். மறுபடியும் போனார். இப்படி ஒருமுறை இல்லை, ஏழு முறை. பெண்ணைப் பாடச் சொன்னார்கள்; முதல் அடி முடிவதற்குள் எழுந்தார். பெண்ணைப் பிடிக்கவில்லை, அதைக் காட்டிக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன். பஜ்ஜி எண்ணெய் சரியில்லை என்று ஸத்யபாமா நினைத்தாள். செங்கமலவல்லி மாமி என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். எட்டாம் முறை அவர் திரும்பி வரும்போது நெற்றியெல்லாம் முத்து முத்தாய் வேர்வை, கை அடிவயிற்றில். கோதை பாட்டை நிறுத்தினாள். எழுந்து நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. நீர் பிரியலையா?"

எனக்கு அந்த ஜமக்காளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. "கோதை!" என்று அதட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எத்தனை மணிலேர்ந்து?" என்றாள். அவர் மெதுவாக, "விடியக்காலம்பறத்திலேர்ந்தும்மா" என்றார். "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டேளா?" அவர் மாமியைப் பார்த்தார், மாமி அவரைப் பார்த்தாள். விஷயம் என்னவென்றால், அவருக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். பெண் பார்க்கப் போன இடத்தில் தும்மினால் அபசகுனமாயிற்றே என்று, ஜலதோஷ மாத்திரையை ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தும்மல் நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றுவிட்டது. "உங்களுக்குப் புராஸ்டேட் முன்னாலேயே கொஞ்சம் வீங்கியிருக்கும் மாமா, மாத்திரை அதை முழுக்க மூடிடுத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். எங்க யூனிட்டுக்கு இன்னிக்குத்தான் அட்மிஷன் நாள்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

தெருவில் டாக்ஸி ஏது? கத்திரிக்காய் மூட்டையோடு பட்டணம் போக இருந்த தணிகாசலத்தின் டெம்போதான் கிடைத்தது. முன்னால் அவனுக்குப் பக்கத்தில் மாமி. பின்னால் மூட்டைகள் மேல் வரதாச்சாரியார், ஸம்பத்குமார், நான். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு கோதை. ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் வரதாச்சாரியார் ஒரு திருநாமம் சொல்வார். திருநின்றவூர் தாண்டுவதற்குள் ஆயிரத்தில் பாதி முடிந்திருக்கும். தணிகாசலம் ஓட்டினபடியே கழுத்தைத் திருப்பி, "இன்னா சாமி, இதுக்குப் போயி வெக்கப்பட்டுக்கினு! எங்க நைனாவுக்கும் இதே பேஜாருதான். பூண்டி ஏரி மதகைத் தொறந்து உடறாங்க பாரு, அத்தையே மனசுல நெனச்சுக்கினு வாங்க, தானா வந்துடும்" என்று கத்தினான். "அவனை வாயை மூடச் சொல்லுங்கோ" என்று முனகினார் ஹெட்மாஸ்டர். ஆவடி ரயில்வே கேட் மூடியிருந்தது. தணிகாசலம் இறங்கிப் போய்க் கேட்காரனிடம் காரணத்தை விளக்கினான். அங்கே நின்றிருந்த இரண்டு பஸ் ஜனங்களுக்கும் சேர்த்து விளக்கினான்.

ஆஸ்பத்திரியில் கோதை பட்டுப்புடவைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வார்டில் அவர்களுடைய புரொபசர் டாக்டர் ஜெயராஜ் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார். கட்டிலைச் சுற்றிப் பத்து மாணாக்கர்கள் வியூகம் வகுத்தாற்போல் நின்றுகொண்டார்கள். "ஹிஸ்டரி யாரு?" என்றார் புரொபசர். கோதை ஒப்பிக்க ஆரம்பித்தாள். வயசு, உத்தியோகம், மாத்திரை மூன்று, காபி இரண்டு, நம் ஆத்துக் கொல்லைக்குப் போய்வந்தது எட்டுத் தடவை, எல்லாம் இங்கிலீஷில் வந்தது. "சின்ஸ் செவன் அவர்ஸ்" என்று அவள் சொன்னதுதான் தாமதம், உயிர் போகிற வலியில் கண்ணை மூடிக்கிடந்த வரதாச்சாரியார், "ஃபார்... ஃபார் செவன் அவர்ஸ். சின்ஸ் இல்லை" என்றார். "தாங்க் யூ சார்" என்றார் புரொபசர்.

கண்ணாடி போட்ட ஒரு பையன் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு மறைப்புத் தட்டிக்கு உள்ளே போனான். உள்ளே ஒரு அலறல். போகவில்லை. சின்னக் குழாயாக இன்னொன்று, அதுவும் போகவில்லை. கோதையின் குரல் கேட்டது: "சார், நுனி வளைஞ்சது ஒண்ணு டிரேயிலே இருக்கு. அது அந்த மேட்டைத் தாண்டும்." புரொபசர், "அப்போ நீயே போடு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

அத்திம்பேர், நான் ஓடிவிட்டேன். தாழ்வாரத்துக் கோடியில் வந்து நின்றால் ஸம்பத்குமாரும் அங்கேதான் நிற்கிறான். நான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவனே, "எங்க பிளான்ட்லயும் தண்ணி லைன் அடைச்சுண்டா இதே கதைதான் மாமா. பலம் காட்டினா வெடிச்சுடும், கைப்பக்குவம் வேணும்" என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து "நாராயணா..." என்று ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. கோயிலில் நாற்பது வருஷமாக அந்தத் திருநாமத்தைக் கேட்கிறேன். அவ்வளவு மனப்பூர்வமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வார்டு சிப்பந்தி சின்னராசு வாசலுக்கு வந்து, "சாமி, உங்க சம்பந்திக்கு ஆயிரத்து எரநூறு மில்லி! இந்த மாசத்துல இதான் ஜாஸ்தி" என்று அறிவித்தான்.

இதோடு நின்றிருந்தால் குடிமுழுகியிராது. உள்ளே போய் க்ஷேமம் விசாரித்தேன். புரொபசர் வரதாச்சாரியார் தோளைத் தட்டி, "மாத்திரை விஷயத்தைக் கேட்டுக் கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணுதான் பெரியவரே. மூணு வாரமா எங்க வார்டுல இருக்கா, ஒரு நாள் லேட் கிடையாது" என்றார். வரதாச்சாரியார் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"மூணு வாரமா? கண் வார்டுன்னு எழுதியிருந்தீரே?"

"அதுவும்... ஒரு வார்டுதானே ஸ்வாமி" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கமலவல்லி மாமி நான் புறப்படும்போது போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கோதையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "உன்னாலே ஒரு நல்ல இடம் போச்சு" என்று கத்தினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தாமல், "அவருக்கு வலிச்சுது, பார்த்தேன். பொய் எழுதினது நீங்க அப்பா. என் படிப்புன்னா உங்களுக்கு அவ்வளவு வெட்கமா?" என்று கேட்டாள். காலி மூட்டைகளோடு தணிகாசலத்தின் டெம்போவிலேயே திரும்பி வந்தேன். ஐந்து நாளாகிறது. அங்கிருந்து ஒரு கார்டு கிடையாது.

ஆகையால் அத்திம்பேர், இந்தச் சம்பந்தம் முறிந்தது என்றே வைத்துக்கொள்ளவும். என் சார்பில் மன்னிப்பு எழுதி, ஜாதகத்தைத் திருப்பி வாங்கி அனுப்பவும். டீன் ஆபீசில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டே, அவரிடம் சொல்லி மிச்சமிருக்கிற நாட்களுக்காவது கோதையை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டால் உங்களைக் குலதெய்வமாக நினைப்பேன். புது வரன் பார்க்கும்போது பிள்ளையின் ஜாதகத்தோடு தகப்பனாரின் தேக ஆரோக்கியத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளவும். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள். பெருமாள் உங்கள் எல்லாரையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

அடியேன்,
வேங்கடேசன்

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை இதை எழுதி முடிப்பதற்குள் தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை கோஷ்டியில் மாட்டிக்கொண்டேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர பாக்கி எதையும் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். இன்று காலை வரதாச்சாரியாரும் ஸம்பத்குமாரும் கோதையோடு சேர்ந்து வந்து நிற்கிறார்கள். குழாயை எடுத்தாயிற்றாம், தானாகவே போகிறதாம், ஆபரேஷன் ஐப்பசியிலாம். கார்டு போடாததற்குக் காரணம், மாமியும் பையனும் ஆறு நாளும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்களாம். "தினம் ஏழரை மணிக்கு வந்து, ஒளிக்காம கேட்டு, ஒளிக்காம சொன்னா உங்க பொண்ணு. எங்காத்துக்கு இப்படி ஒருத்தி வேணும். உம்ம கார்டைக் கிழிச்சுப் போட்டாச்சு" என்றார் வரதாச்சாரியார். கோதைக்கும் பையனுக்கும் சம்மதம்; அவள் படிப்பு முடிந்து தையில் முகூர்த்தம். மேற்கொண்டு இதே துறையில்தான் படிப்பாளாம். அதையும் அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு அவர் தம் வியாதி எப்படி ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நின்றுகொண்டே காத்திருப்பது, முடிந்தது என்று திரும்பினால் முடியாமல் இருப்பது. கேட்கக் கேட்க எல்லாம் என் கதையாகவே இருந்தது. அவர்கள் போனபின் கோதையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, "எத்தனை மாசமா அப்பா?" என்றாள். "ரெண்டு வருஷமா" என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். புதன்கிழமை டாக்டர் ஜெயராஜிடம் காட்டப் போகிறேன். டீன் ஆபீசுக்கு ஒன்றும் எழுதித் தொலைக்க வேண்டாம், அவள் அங்கேயே இருக்கட்டும். குழாய் கீழாய் என்று வந்தால் மட்டும் அந்தக் கண்ணாடிப் பையன் பார்த்துக்கொள்வான். உங்களுக்கும் அறுபத்து மூன்று ஆகிறதே அத்திம்பேர். அன்று காலை எட்டு மணிக்கு சென்ட்ரலில் நிற்கிறேன், வெட்கப்படாமல் வந்து சேரவும்.