ஆணி அடிக்காத மாப்பிள்ளை

உலகத்தில் மனிதர்கள் இரண்டே இனம்: சுவரில் ஆணி அடிப்பவர்கள், அடிக்காதவர்கள். இரண்டாவது இனத்தில் சோம்பலால் அடிக்காதவர், விரலுக்குப் பயந்து அடிக்காதவர் எல்லாம் உதிரிகள். அசல் சரக்கு ஒன்றுதான். பட்டாளத்து வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு ஒன்றரை வருஷத்துக்கு ஒரு மாற்றல், வீட்டுக்கு மூன்று இரும்புப் பெட்டி, பிள்ளைக்கு ஆளுக்கொரு மூட்டை என்று வளர்ந்தவர். எனக்கு வாய்த்தவர் என் தங்கையின் புருஷன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் கேள்வி முடிவதற்குள் ஊர், தெரு, கதவு எண், எதிர்வீட்டு நாயின் குணம்வரை ஒப்பித்துவிடுவோம். இவர் நெற்றியைச் சுருக்குவார். "எந்த வருஷம் கேக்குறீங்க?" என்பார்.

படித்தது ஒன்பது பள்ளிக்கூடம். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடத்தை நாலு பள்ளியில் நாலு தடவை படித்தார். பின்னக் கணக்கை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. கிளம்புகிற பள்ளியில் பின்னம் அடுத்த வாரம்தான் தொடங்கும், போய்ச் சேருகிற பள்ளியில் போன மாதமே முடிந்திருக்கும், பாவம் அவர் என்ன செய்வார்? மழையைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு கேக்கை ஐந்தாக வெட்டச் சொன்னால் மட்டும் கத்தியை என் கையில் திணித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

சிநேகம் பிடிப்பதில் சூரர். ரயிலில் நாம் பையைக் கீழே தள்ளிவிட்டு நிமிர்வதற்குள், எதிர் சீட்டுக்காரரின் மச்சினிக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை கறந்திருப்பார். இறங்கும்போது? "சரி, வரேன்." அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பழக ஒரு நிமிஷம், மறக்க அரை நிமிஷம். அந்த ஒரு பின்னம் மட்டும் எப்படியோ தெரியும்.

அலமாரி வாங்கப் போனால் மரம் என்ன, பூட்டு என்ன என்றெல்லாம் கேட்பதில்லை. "ரெண்டு ஆள் தூக்குமா?" என்பார். செடி வளர்ப்பார், ஆனால் தொட்டியில். மண்ணில் வைத்தால் என்ன என்றேன். "வேர் விட்டுடுமே மச்சான்!" என்று பதறினார். வேர் விடத்தானே ஐயா செடி!

இதையெல்லாம் தங்கை சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஆணி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், சொந்த வீடு வாங்கி ஆறு வருஷம். கல்யாணப் படம் இன்னும் தரையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி நிற்கிறது.

காரணம் கேட்டால் உங்களுக்கே பரிதாபமாக இருக்கும். பட்டாளத்துக் குடியிருப்பைக் காலி செய்கிற அன்று கையில் பட்டியலோடும் டார்ச்சோடும் ஒரு மனிதர் வருவாராம். பல்பு, குழாய், தாழ்ப்பாள் எல்லாம் எண்ணிவிட்டு, கடைசியில் சுவரைத் தடவுவாராம். ஓட்டை இருந்தால் அப்பா பேர் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஒரு தடவை யாரோ அடித்துவைத்த ஐந்து ஓட்டைகளை அம்மா பற்பசை வைத்து அடைத்தார். வந்தவர் மூக்கை உறிஞ்சினார். "ஏம்மா, இந்தச் சுவர் இன்னைக்குப் பல் தேய்ச்சுதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆணி என்ற சொல்லே கெட்ட வார்த்தையாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனுஷன் என்னை விட்டுட்டு எந்த நேரமும் கிளம்பிடுவாருன்னே தோணுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆணி ஏறணும். இல்லேன்னா படத்தைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். அங்கே சுவராவது இருக்கு."

சிரிக்கிற குரல் இல்லை அது. மறுநாளே சுத்தியலும் கையுமாகப் போய் நின்றேன்.

நான் ஆணியைச் சுவரில் வைத்துப் பிடித்தேன். மாப்பிள்ளை சுத்தியலை ஓங்கினார். ஓங்கினார். ஓங்கிக்கொண்டே இருந்தார்.

"அடிங்க மாப்ளே."

"ஓட்டை விழுந்துட்டா எப்படி மச்சான் ஒப்படைக்கிறது?"

"யாருகிட்ட?"

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுக்குறேனே."

நாற்பத்திரண்டு வயது ஆள், தன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கப் போன் போட்டு அனுமதி கேட்கிறார்! ஸ்பீக்கரில் அப்பா கம்பீரமாக விசாரித்தார்: "ஆணி எத்தனை அங்குலம்? உள் சுவரா, வெளிச் சுவரா? சின்னதா ஒண்ணு அடிச்சுக்க. காலி பண்ணும்போது அடைச்சுடலாம்."

அப்போது போனுக்குள் ஏதோ இழுபறி. அம்மா பிடுங்கிவிட்டார் போலிருக்கிறது.

"டேய், எங்க கல்யாணப் படம் முப்பது வருஷம் பெட்டிக்குள்ள போர்வைக்கு நடுவுலயே கிடந்தது. இப்ப எடுத்துப் பார்த்தா மூஞ்சி தெரியலைடா, பூஞ்சைதான் தெரியுது. அந்தப் பொண்ணுக்கு இந்தக் கதி வேண்டாம். அடிடா! எனக்கும் சேர்த்து அடி!"

அடித்தார். முதல் அடி என் கட்டைவிரலில். இரண்டாவது ஆணியில். படம் ஏறியதும் தங்கை அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. விரல் வலி என்று சொல்லிவைத்தேன்.

அதோடு நின்றாரா? ருசி கண்ட பூனையாகிவிட்டார் மனிதர். சாயங்காலத்துக்குள் பதினாலு ஆணி. குடைக்கு ஒன்று, கரண்டிக்கு ஒன்று, ஒன்பது பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ் நகலுக்கும் வரிசையாக ஒன்பது. மீதி மூன்றில் மாட்ட ஒன்றும் அகப்படவில்லை. "இருக்கட்டும் மச்சான், நம்ம சுவர்தானே!" என்கிறார். தங்கை இப்போது சுத்தியலை ஒளித்துவைத்திருக்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். பிறந்த தெருவை விட்டு நகராதவர், உங்களுக்கென்ன? எதற்கும் உங்கள் டிவி ரிமோட்டைக் கொஞ்சம் எடுங்கள். கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் உறை, நாலு வருஷமாகியும் அப்படியே இருக்கிறதல்லவா? சோபாவுக்கு மேலே விரிப்பு, விரிப்புக்கு மேலே இன்னொரு விரிப்பு. நல்ல தட்டெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். "தூசி படாம இருக்கத்தான்" என்கிறீர்களா?

சரி சரி. எந்த ஊருக்கு மாற்றல்?