மகா கை ஓங்கவில்லை என்பதற்குச் சாட்சி

பாலக்காட்டில் மகன் செல்லதுரை வீட்டில் இருக்கும் அக்கா முனியாயிக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து தம்பி தங்கப்பன் சொல்ல, எதிர்வீட்டு வெங்கிட்டு எழுதுவது. இங்கே என் முட்டியைத் தவிர எல்லாம் சுகம். உன் முட்டிக்கு அம்மன் துணை.

போப்பாண்டவர் கொச்சிக்கு வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஊர் ரோட்டையெல்லாம் கார்ப்பரேஷன் ஆட்கள் நாங்கள் கூட்டிக் கழுவினோம், நம் சந்துக் குழாயில் மட்டும் உப்புத் தண்ணீர் வந்தது. அந்த வருஷம்தான் என் மகன் ஸிஜு பிறந்தான். முந்தைய இரண்டும் தங்கவில்லை, இவனாவது நிலைக்கட்டும் என்று ஒரு முறம் தவிட்டுக்கு உனக்கு விற்றோம். விற்ற பிள்ளை மேல் பெற்றவர்கள் கை வைக்கக்கூடாது, வாங்கியவளுக்குத்தான் அந்த உரிமை. அதனால் அவன் எங்கள் வீட்டில் சோறு தின்றான், பக்கத்து வீட்டில் உன்னிடம் அடி தின்றான். உன்னை அம்மா என்றான், பெற்ற என் மகாவை மகாக்கா என்றான். நமக்குள் யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் போன வாரம் வந்தது. களமசேரியில் படிக்கிற ஸுப்ரியா என்ற பெண், தாய் தகப்பன் பிள்ளைகளை எவ்வளவு அடித்தார்கள் என்று அளக்க வந்தாள். தராசு கிராசு ஒன்றும் இல்லை, வீட்டு ஆட்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டு ஒத்துப்பார்ப்பதுதான் அளவாம். என்னைக் கேட்டாள், பெற்றவள் ஒருநாளும் கை ஓங்கியதில்லை என்றேன். வல்லார்பாடத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த ஸிஜுவைக் கேட்டாள், அம்மா தினமும் தோசைத்திருப்பியால் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண், பரவாயில்லை தாத்தா என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஸாரமில்லை அப்பூப்பா, ஆத்துக்காரியை யாரும் விட்டுக்குடுக்க மாட்டா."

தவிட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் கணக்கில் அப்பா, அம்மா இரண்டு பேருக்குத்தான் இடம், தவிடு கொடுத்தவளுக்கு இடமில்லையாம். மகா கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவள் பெயரில் தோசைத்திருப்பி ஏறிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா.

வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறாள். வீட்டு ஆள் இன்னொருவர் சொன்னால் திருத்துவாளாம். செல்லதுரை போனில் கூப்பிட்டுத் தரட்டும், அடித்தது நீதான் என்று வாய்திறந்து சொல்லிவிடு. வெட்கப்பட ஒன்றுமில்லை, முறைப்படி வாங்கிய பிள்ளை.

செல்லதுரையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

பின்குறிப்பு: வெங்கிட்டு இதைப் படித்துக் காட்டும்போது ஸிஜு சாயா குடித்துக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அம்மா தானா ஒருநாளும் அடிக்கலப்பா. மகாக்காதான் தோசத்திருப்பிய என் கையிலயே குடுத்து, போய் அம்மாட்ட குடுடான்னு அனுப்பும்."

எங்கள் தோசைத்திருப்பி எந்நேரமும் உன் வீட்டில் ஏன் கிடந்தது என்று நான் கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை என்ன சொல்வது என்று நீயே பார்த்துக்கொள். கொடுத்தனுப்பியவள் போய்விட்டாள், நான் வேலைக்குப் போயிருந்தேன், பெரியவர்களில் இதை அறிந்து இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், முனியாயி அக்கா.