ஞானமணி ஐயாவுக்காக நான் செய்த ஜெபம்

உயிரோடு இருப்பவரை இறந்துவிட்டதாக எழுதிய பத்திரிகைகள் உண்டு. மறுநாள் ஏதாவது ஒரு மூலையில் வருத்தம் வெளியிட்டால் விஷயம் முடிந்துவிடும். நான் அந்தத் தவறை அச்சில் செய்யவில்லை. சம்பந்தப்பட்டவரின் வீட்டுக் கூடத்தில், அவர் காதுபட, கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடமே செய்தேன். வருத்தம் வெளியிட அங்கே மூலையும் இல்லை. (இருந்த ஒரே மூலையில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.)

அப்போது நான் கோவையில் நிருபர். விடுமுறைக்குச் சொந்த ஊரான அரவேணுவுக்கு வந்திருந்தபோது எங்கள் சபை ஐயர் போன் செய்தார். (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.)

"தம்பி, குன்னூர் ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்குதுங்க. நான் வர லேட்டாகும். ஞானமணி ஐயா ஊட்டுல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க. நீங்க போயி ஜெபத்தை ஆரம்பிச்சு வைங்க."

"சரிங்கய்யா" என்றேன். எதற்கு ஜெபம் என்று கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். ஆனால் அன்று, சபை என்னை முதன்முறையாக ஜெபிக்கக் கூப்பிட்ட பெருமையில் காது அடைத்திருந்தது.

கேட்டிருந்தால் ஊருக்கே தெரிந்தது எனக்கும் தெரிந்திருக்கும். ஞானமணி ஐயாவுக்கு உடனே இதய ஆபரேஷன் செய்ய வேண்டும். திங்கட்கிழமை கோவையில் படுக்கை தயார். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐயாவோ வரவே மாட்டேன் என்கிறார். அவருக்குத் தைரியம் வரத்தான் அந்த ஜெபம்.

தேயிலை ஃபேக்டரியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஞாயிறுதோறும் கோட்டும் டையுமாக நின்று கணீரென்று வேதம் வாசிப்பார். நான் அறிந்தது அவ்வளவுதான்.

வீட்டை அடைந்ததும் என் கண் வேலையைத் தொடங்கியது. வாசலில் நீலத் தார்ப்பாய். (தூறல்.) அதன் கீழே வாடகை நாற்காலிகள். (கூடம் சின்னது.) வெள்ளைப் புடவையில் ஏழெட்டுப் பெண்கள். (சபைப் பெண்கள் சங்கத்தின் சீருடை.) மேஜைமேல் ஐயாவின் போட்டோ, பக்கத்தில் எரியும் மெழுகுவத்தி. (போட்டோ எப்போதும் அங்கே இருப்பதுதான். மூடுபனியில் நாலு மணிக்கே இருட்டு, கரண்டும் இல்லை.) அடைப்புக்குறிக்குள் இருக்கும் காரணமெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஐயாவின் மனைவி சாராள் அம்மா கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். "எவ்வளவு சொன்னேனுங்க தம்பி. கேக்காம இப்பிடிப் பண்றாரே மனுசன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மூலையில் மங்கி குல்லாயும் கம்பளியுமாகப் பொக்கை வாயோடு ஒரு முதியவர். இறந்தவரின் அண்ணனாக இருக்கும் என்று முடிவு செய்து அவர் கையைப் பற்றிக்கொண்டேன். "மனசத் தேத்திக்குங்க. நம்ம கையில என்னங்க இருக்குது?"

"அதானுங்களே" என்றார் அவர், பரிதாபமாக.

கண்ணை மூடினேன். "தகப்பனே, உமது அடியான் ஞானமணியை இத்தனை வருடம் எங்களுக்குத் தந்தீரே, உமக்கு நன்றி."

"ஆமென்" என்றது கூட்டம்.

"அவருடைய ஓட்டத்தை நல்லபடியாக முடித்தீரே."

இந்த ஆமென் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"அவரை உம்மிடம் சேர்த்துக்கொண்டீரே."

ஆமென் நின்றே போனது. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். "கோபமே அறியாத, சாந்தமே உருவான அந்த மனிதர்..." சாராள் அம்மாவின் பக்கமிருந்து விநோதமான ஒரு சத்தம் வந்தது. விம்மல் என்று எடுத்துக்கொண்டேன். "அந்தக் கணீர்க் குரலில் இனி எங்களுக்கு யார் வேதம் வாசிப்பார், ஆண்டவரே?"

"நாந்தானுங்க" என்றது மூலை.

கண்ணைத் திறந்தேன். குல்லாய் கழன்றிருந்தது. டை இல்லை, கோட் இல்லை, பல்செட் இல்லை. ஆனால் ஞானமணி ஐயா.

ஐயா குல்லாயை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எத்தனை அடக்கத்துல உயிர்த்தெழுதல் வசனம் வாசிச்சிருப்பேனுங்க. ஒருக்காக்கூடக் குரல் நடுங்குனதில்ல. எனக்குன்னு வந்தப்பத்தான் பயமா இருக்குதுங்க."

நான் அவ்வளவு நேரம் முழங்கியதைவிட அதுதான் ஜெபமாக எனக்குப் பட்டது.

சாராள் அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "சாந்தமே உருவானவராமா!" என்று வெடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வெள்ளைப் புடவைகள் ஒவ்வொன்றாகக் குலுங்கின. கடைசியில் ஐயாவும் சிரித்தார், பொக்கை வாய் தெரிய.

"இந்தப் பொய்யையெல்லாம் இன்னொருக்கா பொட்டிக்குள்ள படுத்துட்டுக் கேக்கறதுக்கு ஆபரேசனே தேவலைங்க. சாராளு, திங்கக்கிழமைக்குப் பையை எடுத்து வை."

அந்த நேரத்தில் ஐயர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். "தம்பி, ஆரம்பிச்சுட்டீங்களா?"

"முடிச்சே வெச்சுட்டாருங்க" என்றார் ஐயா.

இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடினால், "அப்பா, எல்லாரும் உசுரோட இருக்கமான்னு ஒருக்கா பாத்துக்குங்க" என்கிறாள் மகள். ஞானமணி ஐயா நெஞ்சில் நீளத் தையலோடு இன்றும் ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறார். தன் அடக்கத்தில் நான்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஐயரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். "ஒத்திகை பாத்த ஆளுங்க அவரு" என்றாராம்.

ஒரே ஒரு நிபந்தனை. 'சாந்தமே உருவான' என்பதை மட்டும் நான் விட்டுவிட வேண்டும். அன்றைக்கும் சாராள் அம்மா சிரித்துவிடுவாராம்.