புத்தகத்தில் இல்லாத கிருமி

சேற்றைக் கண்டால் முகம் மலர்கிற மனிதர் மலாக்கா முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். நாங்கள் குடியிருந்த காஜா பேராங் பகுதியில் எல்லோருக்கும் அவர் 'சேத்து டாக்டர்'. அப்போது ஜப்பான்காரன் காலம். நான் ஜாலான் பெண்டஹாராவில் துணியே இல்லாத ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க வெறும் அலமாரியைத் துடைத்துவிட்டு வருவேன். அவரோ வேலை முடிந்ததும் கடலோரம் போய் ஒரு பால் டின் நிறையச் சேறு அள்ளி வருவார். காவல் நின்ற சிப்பாய் ஒருவன் அரிசி கடத்துகிறார் என்று நினைத்து டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினான். அதன்பிறகு அவரை மட்டும் அவன் நிறுத்துவதேயில்லை.

மூன்று வேளையும் எங்களுக்கு மரவள்ளிக் கிழங்குதான். அவர் எப்படியோ தேடிப்பிடித்த, பலகாரம் செய்கிற அகர் அகர் பாசியைக் கடல்நீரில் காய்ச்சி, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிக் கிருமி வளர்த்தார்.

"நமக்குக் கிழங்கு, அதுங்களுக்கு அகர் அகராண்ணே?"

"அதுங்க உன்ன மாதிரி குறை சொல்றதில்ல தம்பி."

ஒரு குழாயில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று படர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் வளைந்த உடம்போடு நீந்துகிறதாம். நல்ல தண்ணீரில் செத்தது. வெறும் உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை, கடல்நீரேதான் வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்த தடித்த புத்தகத்தோடு மாதக்கணக்கில் ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயராகக் கழித்துக்கொண்டே வந்தார்.

"இது புத்தகத்துல இல்ல தம்பி. புதுசு. சண்டை முடியட்டும், வெளிநாட்டுக்கு அனுப்பி உறுதி பண்ணிட்டு, காஜா பேராங்னு பேர் வைக்கப் போறேன்."

மலாயில் அதற்குக் கோபக்கார யானை என்று அர்த்தம்.

"கண்ணுக்கே தெரியாததுக்கு யானை பேரா?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு காலை, அவர் வேலைக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் சிப்பாய்கள் வீடு வீடாக ஒளித்துவைத்த ரேடியோ தேடுவதாகச் செய்தி வந்தது. கிருமி வளர்க்கிற வீடு என்று தெரிந்தால் எங்கள் இரண்டு தலையும் போய்விடும் என்று பயந்தேன். எல்லாக் குழாய்களிலும் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சாக்கடையில் கொட்டினேன்.

சிப்பாய்கள் எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

சாயங்காலம் வந்தவர் காலிக் குழாய்களைப் பார்த்தபடி நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"ஆமாண்ணே."

தலையாட்டிவிட்டு உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினார். அவர் குளிக்கப் போனதும் எட்டிப் பார்த்தேன். 'வளர்ப்பு அழிந்தது. காரணம்: வேறிடத்தில் ஒரு குழாய் எடுத்துவைக்காதது. என் தவறு.'

அதன்பின் டின்னை நான்தான் தூக்கினேன். அதே இடம், அதே நீர் வற்றும் நேரம். வெள்ளை வந்தது, மஞ்சள் வந்தது, ஆரஞ்சு வரவேயில்லை. சண்டை முடிந்தும் போனோம். கையில் உயிரோடு கிருமி இல்லாமல் வெறும் எழுத்தைக் காட்டினால் எவனும் நம்பமாட்டான் என்று அவரே ஒருநாள் நிறுத்திவிட்டார்.

அந்தப் புதுக் கிருமி என்னாச்சு என்று யாராவது கேட்டால், நான் பக்கத்தில் இருக்கும்போதே, "என் கை தவறிடுச்சு" என்பார்.

ஒரே ஒரு தடவையாவது அந்த மனுஷன் என்னைத் திட்டியிருக்கலாம்.